மார்கழிக்கு வெளியே ஒரு மேடை: சென்னையில் சமகால நடனமும் விழா நிரலும்

டிசம்பர் சீசனில் சென்னை சபா ஒன்றின் நடன விழா நிரலைப் புரட்டினால், அது பெரும்பாலும் ஒரு நேர அட்டவணைதான். மாலையில் ஒருவர், அவருக்குப் பின் ஒருவர், இரவு இன்னொருவர். ஒருவர் ஆடி இறங்கியதும் அடுத்தவரின் பக்கவாத்தியக் குழு மேடை ஓரத்தில் அமர்ந்து சுருதி சேர்க்கத் தொடங்கிவிடும். நடராஜர் சிலையும் குத்துவிளக்கும் இடம் மாறுவதில்லை. மேடை வெளிச்சமும் ஏறக்குறைய அப்படியே. தனி ஒருவர் ஒன்றரை மணி நேரம் ஆடும் கச்சேரிக்கு இந்த ஏற்பாடு கச்சிதமானது. பல பேர் கொண்ட ஒரு குழு, நொடிக் கணக்கில் வகுத்த ஒளியோடு, இடைவேளையோ உருப்படிகளோ இல்லாத ஒரு படைப்பை நிகழ்த்த வேண்டுமென்றால் அதே ஏற்பாடு கையைக் கட்டிப்போடும்.

சென்னையின் சமகால நடன வரலாறு பொதுவாக ஆளுமைகளின் வரிசையாகவே சொல்லப்படுகிறது. இக்கட்டுரை அதே வரலாற்றை விழா நிரலின் பக்கமிருந்து பார்க்கிறது. எந்த மாதம், எந்த அரங்கு, ஒரு மாலைக்கு எத்தனை படைப்புகள், செலவு யாருடையது? இந்த நான்கு கேள்விகளுக்கான விடைகள் மாற மாறத்தான் இங்கே சமகால நடனத்துக்கு இடம் பிறந்தது.

சபா வகுத்த வடிவம்

1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் விளைவாக 1928-ல் மியூசிக் அகாடமி உருவானது. 1931 மார்ச் 15 அன்று அகாடமியின் ஆதரவில் திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்களான ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும் ஆடினார்கள். பரதத்தின் முந்தைய வடிவமான சதிரை நகர மேடைக்குக் கொண்டுவரப் பாடுபட்ட வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யரின் முயற்சி இதன் பின்னால் இருந்தது. 1935-ல் ருக்மிணி தேவி அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் மேடையேறினார். அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திரம் பிறந்தது.

இடம் மாறியதும் ஆட்டத்தின் அமைப்பும் மாறியது. ஆடுபவருக்குப் பின்னால் நின்றபடி நகர்ந்து வந்த நட்டுவனாரும் வாத்தியக்காரர்களும் மேடையின் பக்கவாட்டில் அமர வைக்கப்பட்டார்கள். பின்திரை, திட்டமிட்ட ஒளி, உடை வடிவமைப்பு ஆகியவை வந்து சேர்ந்தன. தஞ்சை நால்வர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முறைப்படுத்திய, அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் மார்க்கம், ஒரு மாலைக் கச்சேரியின் அளவுக்குள் அழகாக அடங்கியது. டிக்கெட், உறுப்பினர் சந்தா, நேர ஒதுக்கீடு என்று சபாவின் பொருளாதாரம் தனி ஆட்டத்தையே மையமாகக் கொண்டு கெட்டிப்பட்டது.

குழுவாக ஆடுவது இங்கே யாருக்கும் தெரியாத விஷயமல்ல. கலாக்ஷேத்திரம் 1944-ல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றியது. உதய் சங்கர் தமது ‘கல்பனா’ படத்தைச் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில்தான் எடுத்தார். படம் 1948-ல் வெளிவந்தது. அதே ஆண்டு வந்த எஸ்.எஸ். வாசனின் ‘சந்திரலேகா’வில் முரசு நடனம் குழு ஆட்டத்தின் பிரம்மாண்டத்தை ஊருக்கெல்லாம் காட்டியது. ஆனால் இவையெல்லாம் கதை சொல்லும் நடனங்கள். கதையும் பாத்திரமும் இல்லாமல் உடலையே பொருளாகக் கொண்ட குழு நடனத்துக்கு சபாவும் இடம் தரவில்லை, ஸ்டூடியோவும் தரவில்லை.

பம்பாய், 1984

மகாராஷ்டிரத்தில் 1928-ல் பிறந்த நடனக் கலைஞர் சந்திரலேகா, காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்று 1952-ல் அரங்கேற்றம் செய்தார். ராயலசீமை வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்டிய நிகழ்ச்சி அது. யமுனையின் நீர் விளையாட்டை அபிநயித்துக்கொண்டிருந்தபோது வறண்டு வெடித்த நிலம் மனதில் குறுக்கிட்டதாக அவர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். சில ஆண்டுகள் புகழோடு ஆடிவிட்டு மேடையிலிருந்து விலகினார். எழுத்து, சுவரொட்டி வடிவமைப்பு, பெண்கள் இயக்கம் என்று அவருடைய ஈடுபாடுகள் திசை மாறின.

அவரை நடனத்துக்குத் திரும்ப அழைத்தது சென்னை சபா எதுவுமல்ல. 1984 ஜனவரியில் பம்பாயில், மாக்ஸ் முல்லர் பவனின் கேயார்க் லெக்னர் முன்னின்று, தேசிய நிகழ்கலை மையத்தோடு சேர்ந்து கிழக்கு-மேற்கு நடனச் சந்திப்பை நடத்தினார். ஜெர்மனியிலிருந்து சூசன் லிங்கெ, இங்கிருந்து குமுதினி லாக்கியா, உத்தரா ஆஷா கூர்லாவாலா போன்றோர் கலந்துகொண்டார்கள். பகலில் விவாதம், மாலையில் நிகழ்ச்சி. ஐம்பத்தைந்து வயதில் சந்திரலேகா அங்கே தம் பழைய படைப்புகளின் பகுதிகளோடு மீண்டும் மேடையேறினார். மரபு ஒரு பக்கம், நவீனம் ஒரு பக்கம் என்று நிற்காமல் ஒரே நிரலில் அடுத்தடுத்து வந்ததுதான் அந்தச் சந்திப்பின் புதுமை.

மறு ஆண்டே ‘அங்கிகா’ வந்தது. பரதத்தின் அடவும் களரிப்பயட்டின் பாய்ச்சலும் யோகாசனமும் ஒரே மேடையில் அருகருகே நின்றன. நகை இல்லை, கடவுள் கதை இல்லை. அரைமண்டியும் கால் வீச்சும் அபிநயத்துக்குத் துணையாக இல்லாமல் தாமாகவே பேசின. தொடர்ந்து ‘லீலாவதி’ (1989), ‘பிராணா’ (1990), ‘ஸ்ரீ’ (1991), ‘யந்த்ரா’ (1994), கடைசியாக ‘சரீரா’ (2001). குண்டேச்சா சகோதரர்களின் துருபத் இசையில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் மிக மெதுவாக நகரும் ‘சரீரா’வை இரண்டு கச்சேரிகளுக்கு நடுவே செருக முடியாது. அது மாலை முழுவதையும் தனக்கே கேட்கும் படைப்பு.

பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய ‘ஸ்பேஸஸ்’ என்ற தம் வளாகத்திலேயே சந்திரலேகா ஒத்திகை இடத்தை அமைத்துக்கொண்டதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். நாள்கணக்கில் ஒரே குழுவோடு உழைக்க, மணிக்கணக்கு வாடகை இல்லாத ஓர் இடம் தேவைப்பட்டது. அவரது நெருங்கிய தோழர் சதானந்த் மேனனின் ஒளியமைப்பும் அந்தப் படைப்புகளின் பிரிக்க முடியாத பகுதியாக இருந்தது.

செலவு யாருடையது?

ஒத்திகை இடமும் பணமும் எங்கிருந்து வரும் என்ற இதே சிக்கலுக்கு அமெரிக்காவில் வேறொரு விடை கிடைத்தது. 1934-ல் வெர்மாண்டில் பெனிங்டன் கல்லூரி ஒரு கோடைக்கால நடனப் பள்ளியைத் தொடங்கியது. மார்த்தா கிரஹாம், டோரிஸ் ஹம்ஃப்ரி, சார்லஸ் வைட்மன், ஹன்யா ஹோல்ம் ஆகிய நால்வரும் அங்கே கற்பித்தார்கள். கோடைப் பயிற்சி முடியும்போது விழா. புதிய படைப்புகள் அங்கே முதன்முதலாக மேடையேறின. மாணவர் கட்டணமும் கல்லூரி வளாகமும் கலைஞர்களுக்கு முதலீடாயின. அந்த மரபு 1948-ல் கனெக்டிகட் கல்லூரியில் அமெரிக்க நடன விழாவாகத் தொடர்ந்தது. ஹொசே லிமோனின் புகழ்பெற்ற ‘மூர்ஸ் பவேன்’ 1949 ஆகஸ்டில் அங்கேதான் அரங்கேறியது. 1978 முதல் அவ்விழா வட கரோலினாவின் டர்ஹமில் நடக்கிறது.

சென்னையில் கல்லூரிகள் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டுப் பண்பாட்டு நிறுவனங்களும் தனியார் புரவலர்களும்தான் கைகொடுத்தார்கள். மாக்ஸ் முல்லர் பவன், அல்லியான்ஸ் பிரான்சேஸ், பிரிட்டிஷ் கவுன்சில் ஆகியவை அரங்கும் பயணச் செலவும் தந்தன. ஜெர்மன் நடன அமைப்பாளர் பீனா பவுஷின் வுப்பர்டால் குழு 1994-ல் மேடை நிறையக் கார்னேஷன் பூக்களோடு ‘நெல்கன்’ படைப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. இந்த ஆதரவுக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு படைப்பு எந்த ஊருக்குப் போகும், எவ்வளவு நீளம் இருக்கும், எத்தனை பேர் ஆடலாம் என்பதில் நிதி தருபவரின் வசதிக்கும் பங்கு உண்டாகிவிடுகிறது.

டிசம்பரின் முதல் வாரம்

1998-ல் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் புரவலர் ரன்வீர் ஷாவும் ‘தி அதர் ஃபெஸ்டிவல்’ என்ற விழாவைத் தொடங்கினார்கள். ‘மற்றொரு விழா’ என்ற பெயரே எதற்கு மாற்று என்பதைச் சொல்லிவிட்டது. நேரமும் இடமும் அதைவிடச் சாமர்த்தியமான தேர்வுகள். சீசன் சூடுபிடிக்கும் முன்பே, டிசம்பர் தொடக்கத்தில் விழா முடிந்துவிட்டது. ரசிகர் எதையும் விட வேண்டியிருக்கவில்லை. அரங்கு மயிலாப்பூரிலோ தி. நகரிலோ அல்ல, எழும்பூரில். கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின் காலத்தில் எழுந்த, நூறாண்டைக் கடந்த மியூசியம் தியேட்டர் அது. நடனத்தோடு நாடகமும் இசையும் அங்கே கலந்து வந்தன.

இத்தகைய விழாவின் நிறைவு இரவு, வடிவத்தின் நோக்கில் தனிக் கவனத்துக்குரியது. சீசன் கச்சேரியில் கடைசி இடம் மூத்தவருக்குரிய மரியாதை. சமகால விழாவின் கடைசி இரவில் இரண்டு மூன்று குழுக்கள் ஒரே மேடையைப் பகிரும்போது, தரைதான் முதலில் வரிசையைத் தீர்மானிக்கிறது. வெறுங்காலோடு உருண்டு விழும் குழுவுக்கு வினைல் விரிப்பு வேண்டும். சலங்கையோடு தட்டி ஆடுபவருக்கு மரத்தரையின் ஒலி வேண்டும். ஒவ்வொரு படைப்புக்கும் விளக்குகளைத் திருப்பி, வண்ணத்தாள் மாற்றி, குறிப்பு எழுதி ஒத்திகை பார்க்கப் பகல் முழுவதும் போய்விடும். இவ்வளவையும் மீறிப் பல குழுக்களை ஒன்றாக நிறுத்துவதற்குக் காரணம், ஒப்பிடும் வாய்ப்பு. பரதத்திலிருந்து கிளைத்த அசைவையும் களரியிலிருந்து கிளைத்ததையும் ஐரோப்பியப் பயிற்சியிலிருந்து வந்ததையும் பார்வையாளர் ஒரே அமர்வில் பார்த்துவிடுகிறார்.

அடுத்த தலைமுறை

சந்திரலேகாவின் குழுவில் 1991 முதல் பத்தாண்டுகள் ஆடிய பத்மினி செட்டூர், ‘ஃப்ரஜிலிட்டி’ (2001), ‘பேப்பர்டால்’ (2005), ‘புஷ்ட்’ (2006) என்று தனி வழி கண்டார். பரதம் தந்த துல்லியம் அவரிடம் தங்கியது; அலங்காரம் உதிர்ந்தது. சென்னையில் வாழும் டச்சு இசைக்கலைஞர் மார்ட்டன் விசர் அவருடைய படைப்புகளுக்கு ஒலி அமைத்தார். 2016-ல் ‘வர்ணம்’ கொச்சி-முசிறிஸ் பினாலேயில் இடம்பெற்றபோது, மார்க்கத்தின் நடுநாயகமான உருப்படி ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் நடுவே போய் நின்றது. பிரீத்தி ஆத்ரேயாவின் ‘கண்டிஷன்ஸ் ஆஃப் கேரேஜ்’ (2015) பத்துப் பேர் குதித்துக்கொண்டே இருக்கும் படைப்பு. அதற்குத் திரையும் மேடைச் சட்டகமும் தேவையில்லை.

விழாக்களும் பிரிந்து பெருகின. ரன்வீர் ஷாவின் பிரகிருதி அறக்கட்டளை 2012-ல் சமகால நடனத்துக்கென ஒரு விருதைத் தொடங்கியது. இளம் நடன அமைப்பாளர்கள் நடுவர்கள் முன் குறும்படைப்புகளை நிகழ்த்துகிறார்கள். வெல்பவருக்கு முழுப் படைப்பு உருவாக்க நிதி கிடைக்கிறது. குறும்படைப்பு இந்த வழியாகத் தனியொரு வடிவமாக ஊன்றிக்கொண்டது. 2015-ல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் மற்றவர்களும் சேர்ந்து ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா தொடங்கினார்கள். ஸ்பேஸஸுக்குக் கூப்பிடு தூரத்தில் பரதமும் பறையாட்டமும் ஒரே நிரலில் வந்தன. இடையில் மியூசிக் அகாடமியே 2007 முதல் நடனத்தை டிசம்பரிலிருந்து பிரித்து ஜனவரியில் தனி விழாவாக நடத்தத் தொடங்கியிருந்தது.

இந்த வரலாற்றை முழுமையாக எழுத விமர்சனங்களும் நேர்காணல்களும் மட்டும் போதாது. அழைப்பிதழ்கள், அச்சான நிரல்கள், ஒளியமைப்பாளரின் குறிப்பேடுகள், அரங்க வாடகை ரசீதுகள் ஆகியவையும் முதன்மைச் சான்றுகள். அவற்றுள் பெரும்பகுதி கலைஞர்களின் வீட்டு அலமாரிகளிலும் சிறு அறக்கட்டளைகளின் கோப்புகளிலும் இருக்கக்கூடியவை. கச்சேரி மரபுக்கு அகாடமியின் ஆண்டு மலர்கள் இருப்பது போல் சமகால நடனத்துக்குத் தொகுப்பு எதுவும் அமையாத நிலையில், அந்தக் காகிதங்களைத் திரட்டுவதுதான் ஆய்வின் அடுத்த வேலை.