நினைவகக் கசிவின் வரலாறு

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொழிலாளி டூல் ரூமில் டோக்கனைக் கொடுத்துக் கருவியை வாங்குகிறார். வேலை முடிந்ததும் அதைத் திருப்பித் தரவேண்டும். பத்துப் பேர் மறந்துவிட்டால் அடுத்த ஷிஃப்டுக்குக் கருவி இல்லை. கருவிகள் வெளியே போய்விடவில்லை. பட்டறைக்குள்ளேயே பயனின்றிக் கிடக்கின்றன. கணிப்பொறியில் இத்தகைய நிலையையே நினைவகக் கசிவு என்கிறோம். நிரல் தான் பெற்ற இடத்தை விடுவிக்காமல் வைத்துக்கொள்வதே அதன் காரணம்.

இதனைச் சிறு குறை என்று ஒதுக்கிவிட முடியாது. 1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை புதிய கணிப்பொறி முறைக்கு மாறியது. நவம்பர் 4 அதிகாலையில் அது நின்றுபோயிற்று. சுமார் மூன்று வாரங்களுக்கு முன் நிரலில் விடப்பட்ட ஒரு பிழையால், ஒவ்வொரு வண்டியை அனுப்பும்போதும் சிறிதளவு நினைவகம் விடுவிக்கப்படாமல் தங்கியது. சிறுகச் சிறுகச் சேர்ந்து, முடிவில் இடமே இல்லாமற் போயிற்று.

இதற்கு மருந்து தேடும் முயற்சி முன்பே தொடங்கியிருந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லிஸ்ப் மொழியை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தி, 1960-ல் ஒரு வழியை வெளியிட்டார். நிரலிலிருந்து தொடர்பு வழியே எட்டக்கூடிய பொருள்களுக்கெல்லாம் குறியிடு. குறியில்லாதவற்றின் இடத்தை மீட்டுக்கொள் என்பதே அது. அதே ஆண்டில் ஜார்ஜ் காலின்ஸ் வேறொரு வழி கூறினார். ஒரு பொருளை எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்று எண்ணிவர வேண்டும். எண்ணிக்கை பூஜ்யமானால் அதை அகற்றலாம். ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. இரு பொருள்கள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருந்தால், வேறு யாருக்கும் அவை தேவைப்படாவிட்டாலும் எண்ணிக்கை பூஜ்யமாவதில்லை!

1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை அமைத்தார். அக்காலத்தில் வலைப்பக்கங்கள் சில நிமிடங்களே திறந்திருக்கும். ஆகவே கசிவு கண்ணில் படவில்லை. 2004-ல் ஜிமெயில் வந்தது. ஒரே பக்கம் நாள் முழுதும் திறந்திருக்கலாயிற்று. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் நிலைமை மோசமாக இருந்தது. அதில் ஜாவாஸ்கிரிப்ட்டுக்குக் குறியிடும் முறை; பக்கத்தின் உறுப்புகளுக்கோ எண்ணும் முறை. இரண்டுக்குமிடையே வட்டம் ஏற்பட்டால் எந்த முறையாலும் அதை அவிழ்க்க முடியவில்லை. 2009-ல் வந்த எட்டாம் பதிப்பில்தான் இது பெரும்பாலும் தீர்ந்தது.

2008-ல் குரோம் உலாவி வெளிவந்தது. அதை முன்னின்று உருவாக்கியவர்களுள் ஒருவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. குரோமில் பொதுவாக ஒவ்வொரு தாவலும் தனித்தனியே இயங்குவதால், ஒரு தாவலை மூடினால் அதன் நினைவகம் மீளும். கசிவைக் கண்டுபிடிக்க ஜிமெயில் குழுவினர் கையாண்ட முறை எளியது. நினைவகத்தைப் படம் பிடி. ஒரு செயலைச் செய். மீண்டும் படம் பிடி. அதே செயலைச் செய்து மூன்றாம் படம் பிடி. முதலிரு படங்களுக்கு இடையே பிறந்தவற்றில், மூன்றாம் படத்திலும் எவை எஞ்சி நிற்கின்றனவோ அவற்றையே முதலில் ஐயுற வேண்டும்.

குற்றவாளிகள் பெரும்பாலும் பழகிய முகங்களே: நிறுத்தப்படாத டைமர், நீக்கப்படாத நிகழ்வுக் கேட்பான், பக்கத்திலிருந்து அகற்றிய பின்னும் மாறியில் சிக்கிய உறுப்பு. டைமரை நிறுத்துவதும், கேட்பானை நீக்குவதும், மாறியை வெறுமையாக்குவதுமே மருந்து. 2015-ல் மொழியில் சேர்ந்த வீக்மேப், பொருளைப் பிடித்து வைக்காமலே அதைப்பற்றிய குறிப்பை வைத்திருக்க உதவுகிறது.

இருப்பினும் ஒன்றை மறக்கலாகாது. எட்ட முடியாததை இயந்திரம் தானே அகற்றும். ஆனால் எட்டக்கூடிய பொருள் நமக்குத் தேவையா இல்லையா என்பதை அது அறியாது, எழுதியவரே அறிவார். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ குறைந்த நினைவகம் கொண்ட பழைய கைப்பேசியில் பாடம் படிக்கும் மாணவிக்கு, கசியும் பக்கம் பாதியில் மூடப்படும் புத்தகமே. வாங்கியதைத் திருப்பித் தரும் பழக்கம் பட்டறைக்கு மட்டுமன்று, நிரல் எழுதுவோருக்கும் உரியது.