மிஸ்கித்து இலக்கணம்: யாருடைய 'நாம்'?

நிகரகுவா, ஹோண்டுராஸ் நாடுகளின் கிழக்குக் கடலோரத்தில் வாழும் மிஸ்கித்து மக்களின் மொழிக்கு முதல் இலக்கண நூல் 1846இல் நியூயார்க்கில் அச்சானது. எழுதியவர் அலெக்ஸாண்டர் ஹென்டர்சன், பெலீஸில் இருந்த பாப்டிஸ்ட் பாதிரி. 1849இல் மொராவிய சபையார் புளூபீல்ட்சில் வந்திறங்கினார்கள். நம்ம தரங்கம்பாடிக்கு 1760இல் வந்து தோட்டம் போட்ட அதே சபைதான். 1891இல் பாரீசிலிருந்து லூசியேன் ஆதாமின் இலக்கணம் வந்தது. 1894இல் மொராவியர்களான சியோக்கின் அகராதியும் பெர்க்கன்ஹாகனின் இலக்கணமும் வந்தன. முகப்பில் எல்லாம் வெள்ளைக்காரப் பெயர்கள். சொல்லைக் கொடுத்த மீனவனும் கிழவியும் எந்த நூற்பட்டியலிலும் இல்லை.

இந்த மொழியைக் 'கலப்பு மொழி', பேசுகிறவர்களைக் 'கலப்பினம்' என்று இளக்காரமாகச் சொன்னவர்கள் உண்டு. ஆப்பிரிக்க அடிமைகளின் ரத்தம் கலந்த மக்கள் என்பதுதான் காரணம். கடன்சொல் இருக்கத்தான் செய்கிறது. குதிரைக்கு 'அராஸ்', மாட்டுக்கு 'பிப்'. இரண்டும் ஆங்கிலேயரிடமிருந்து வந்தவை. 'பீஃப்' என்கிற கறியின் பெயரே உயிரோடு மேயும் மாட்டுக்கும் பெயராகிவிட்டது. நம்மூர் சைவப் பண்டிதர்கள் கேட்டால் மூர்ச்சையாவார்கள்! ஆனால் எலும்பும் நரம்பும் அவர்களுடையவை. தமிழ்போல வினை கடைசியில் வரும். 'உட்லா' என்றால் வீடு. 'ஹுவானின் வீடு' என்றால் 'ஹுவான் வாட்லா'. உடைமை வந்ததும் வீடு என்கிற சொல்லே உள்ளுக்குள் மாறிவிடும்.

எம்.ஏ. தமிழ் படித்த எனக்குப் பிடித்துப்போனது வேறு. 'யாங் நானி' என்றால் நாங்கள், கேட்பவர் அதில் இல்லை. 'யவன்' என்றால் நாம், கேட்பவரும் உண்டு. ஊரார் 'நாம' என்று மேடையில் பேசும்போது சேரி அதில் உண்டா இல்லையா என்று தடுமாறி வளர்ந்த நமக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டாம். எண்ணிக்கையிலும் இது வருகிறது. பத்து என்பது இரண்டு கை. இருபது என்பது 'யவன் அய்ஸ்கா', அதாவது 'நாம் முழுசும்': கைவிரல், கால்விரல் எல்லாம் சேர்த்து.

அகராதி வந்த அதே 1894இல்தான் நிகரகுவாப் படை புளூபீல்ட்சைப் பிடித்தது. பிறகு பள்ளியில் ஸ்பானிஷ்தான் என்று உத்தரவு. மொராவியப் பள்ளிகள் மூடப்பட்டன. 1979 புரட்சியும் 1980 எழுத்தறிவு இயக்கத்தை ஸ்பானிஷில்தான் தொடங்கியது. மிசுராசாட்டா அமைப்பு போராடிய பிறகே மிஸ்கித்து, சூமு, ஆங்கில மொழிகளில் தனி இயக்கம் நடந்தது. 1981 பிப்ரவரியில் அந்த அமைப்பின் தலைவர்களைக் கைது செய்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் கோக்கோ ஆற்றங்கரைக் கிராமங்களைக் காலிசெய்து கொளுத்தினார்கள். மக்களைக் கொண்டுபோய்ப் போட்ட முகாம்களுக்கு மிஸ்கித்து மொழியிலேயே 'தாஸ்பா ப்ரி', விடுதலை நிலம், என்று பெயர் வைத்தார்கள். நம் இடதுசாரித் தோழர்கள் இதைப் பேசத் தயங்குவார்கள். நான் தயங்க மாட்டேன். 1987இல்தான் தன்னாட்சிச் சட்டம் வந்தது, 1993இல் மொழிச் சட்டம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைத்தால் இது வரலாறு ஆகாது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர் கொடுத்த துப்பாக்கியோடு மிஸ்கித்துக்கள் அக்கம்பக்கத்துப் பழங்குடிகள் மேல் பாய்ந்து, ஆட்களைப் பிடித்து ஜமைக்காவுக்கு விற்றார்கள். உள்காட்டுக்குத் துரத்தப்பட்ட மக்களுக்கு அவர்கள் வைத்த ஏளனப் பெயர்தான் 'சூமு'. பாதிரிகளும் ஆய்வாளர்களும் அதையே எழுதிக்கொண்டார்கள். 1929இல் கொன்செமியுஸ் எழுதிய மொழிக்குறிப்பின் தலைப்பிலும் அதுதான். அந்த மக்கள் தங்களை மாயாங்னா என்கிறார்கள், பழைய பெயர் வேண்டாம் என்கிறார்கள். ஆனால் மிஸ்கித்து, சூமு, மத்தகல்பா என்ற மூன்று பெயர்களையும் வெட்டி ஒட்டி மொழியியலார் அக்குடும்பத்துக்கு வைத்த பெயர் 'மிசுமல்பன்'. அதன் நடுவில் அந்த 'சு' இன்னும் உட்கார்ந்திருக்கிறது.