டேனிங் படுக்கை

டேனிங் படுக்கை என்பது புற ஊதா விளக்கொளியில் வெளிறிய தோலைப் பழுப்பாக்கிக்கொள்ள உதவும் கருவி. ஆள் நீளக் கண்ணாடித் தளத்தில் படுத்து மூடியை இறக்கினால் மேலும் கீழும் குழல்விளக்குகள் எரியும். கண்களுக்கு மட்டும் சிறு கவசம். பத்து, இருபது நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். அழகுக்காக வந்த இதைப் பிற்காலத்தில் வைட்டமின் டி-யின் பெயரைச் சொல்லியும் விற்றார்கள். அந்தப் பெயர் இதோடு எப்படி ஒட்டிக்கொண்டது என்பதை அறிய நூறு ஆண்டுகள் பின்னே போக வேண்டும்.

டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன் தோல் காசநோய்க்கு ஆர்க் விளக்கொளியால் சிகிச்சை அளித்து 1903-இல் நோபல் பரிசு பெற்றார். அதைவிடப் பெரிய திருப்பம் 1919-இல் பெர்லினில் நிகழ்ந்தது. போர்க்காலப் பட்டினி வாட்டிய அந்நகரில் கர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், ரிக்கெட்ஸ் நோயால் எலும்பு வளைந்த குழந்தைகளுக்குப் பாதரச விளக்கொளியைக் காட்டினார். ஒரு கையில் மட்டும் ஒளி படச் செய்து எக்ஸ்ரே எடுத்தபோது, ஒளியே படாத மறு கையின் எலும்பும் தேறியிருந்தது. அப்படியானால் தோலில் ஏதோ ஒரு பொருள் உண்டாகி, இரத்தத்தோடு உடலெங்கும் போயிருக்க வேண்டும். அந்தப் பொருள்தான் வைட்டமின் டி. உணவின் மீதே ஒளியைப் பாய்ச்சி அதை உண்டாக்கலாம் என்று 1924-இல் ஹாரி ஸ்டீன்பாக் விஸ்கான்சினில் காட்டினார். பாலில் அந்தச் சத்தைச் சேர்க்கும் வழக்கம் 1930-களில் அமெரிக்காவில் பரவியது. ரிக்கெட்ஸ் அங்கே அரிதாயிற்று. குழந்தைகளை விளக்கின் முன் உட்கார்த்தும் தேவை மறைந்தது.

அதே காலத்தில் ஐரோப்பாவில் வேறொன்று மாறிக்கொண்டிருந்தது. வயலில் உழைப்பவரின் அடையாளமாக இருந்த வெயில் நிறம், கடற்கரையில் ஓய்வெடுக்க வசதியுள்ளவரின் அடையாளமாயிற்று. அந்த ஆசைக்கு 1970-களில் ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக் வோல்ஃப் வணிக வடிவம் கொடுத்தார். அவர் வழியில் வந்த படுக்கைகள் பெரும்பாலும் புற ஊதா ஏ கதிரை உமிழ்பவை. புற ஊதா பி கதிர் தோலைச் சிவக்கப் பொசுக்கும் என்பதால் அதன் பங்கைக் குறைத்தார்கள். ஆனால் வைட்டமின் டி-யை உண்டாக்குவது அந்த பி கதிர்தான். பொசுங்காது என்பதையே பாதுகாப்பு என்று சொல்லி விற்றது பெரும் பிழை. ஏ கதிர் தோலுக்குள் ஆழமாக இறங்குவது. பழுப்பு நிறம் என்பதே, உயிரணுவின் டிஎன்ஏ காயப்படும்போது தோல் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் மெலனின் என்னும் நிறமி. திறன்மிக்க சில படுக்கைகளின் ஏ கதிர், மத்தியதரைக் கடலோர நண்பகல் வெயிலைப்போல் 10 முதல் 15 மடங்கு வரை இருக்கும்.

ஆஸ்திரேலியாவில் கிளேர் ஆலிவர் என்ற இளம்பெண் தாம் டேனிங் நிலையத்துக்குப் போய்வந்ததை வெளிப்படையாகச் சொல்லி, மற்றவர்களை எச்சரித்தபடியே 2007-இல் மெலனோமா என்னும் தோல் புற்றுநோயால் இறந்தார். வயது 26. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-இல் இப்படுக்கைகளைப் புகையிலை இருக்கும் முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில், சேர்த்தது. 35 வயதுக்கு முன்பே பயன்படுத்தத் தொடங்கியவர்களுக்கு மெலனோமா அபாயம் 75% கூடுதல் என்பது அம்முகமையின் அன்றைய கணக்கு. பின்வந்த தொகுப்பாய்வு அதை 59% என்றது. அழகுக்கான பயன்பாட்டை பிரேசில் 2009-இலேயே தடை செய்தது.

இந்த அபாயத்துக்கு எதிர்வாதமாக வைட்டமின் டி-யை முன்வைக்கும் விவாதம் 2004-இலேயே சூடேறியிருந்தது. போதிய வெயில் வேண்டும் என்று எழுதிய பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் மைக்கேல் ஹாலிக் அங்குள்ள தோல் மருத்துவத் துறையிலிருந்து விலக நேர்ந்தது. எலும்புக்கு வைட்டமின் டி தேவை என்பதில் ஹாலிக்குக்கும் தோல் மருத்துவர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு வேண்டும், எந்த வழியில் பெறுவது என்பதே சண்டை. டேனிங் வணிகர் சங்கம் தன் விளம்பரங்களில் பாதுகாப்பையும் உடல்நலப் பயனையும் பொய்யாகக் கூறியதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டி, 2010-இல் அவற்றுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதே ஆண்டு அமெரிக்க மருத்துவ நிறுவனம் 70 வயது வரை நாளொன்றுக்கு 600 அலகு போதும் என்றது. அது ஒரு மாத்திரையில் அடங்கும். அந்த மாத்திரையும் சர்வரோக நிவாரணி இல்லை: 25,871 பேரிடம் நடந்த வைட்டல் என்ற ஆய்வில் தினம் 2,000 அலகு தந்தும் புற்றுநோயோ மாரடைப்போ குறையவில்லை என்று 2018-இல் தெரிந்தது. படுக்கையில் கூடுதல் நேரம் கிடப்பதால் சத்து கூடிக்கொண்டே போவதுமில்லை; ஓரளவுக்கு மேல் அதே ஒளி அதன் முன்பொருளைப் பயனற்ற வேறு பொருள்களாக மாற்றிவிடும்.

ஃபின்சன் தொடங்கிய ஒளிச் சிகிச்சை இன்றும் தோல் மருத்துவமனைகளில் தொடர்கிறது. சோரியாசிஸுக்கும் வெண்புள்ளிக்கும் 311 நானோமீட்டர் அலைநீள பி கதிரை மருத்துவர் அளந்து கொடுக்கிறார். ஒவ்வொரு அமர்வின் அளவும் நோயாளியின் ஏட்டில் பதிவாகிறது.