ஒரு கிண்ணமா, நான்கு கிண்ணங்களா? இன்டியானாவின் நீண்ட வழக்கு

ஐக்கிய அமெரிக்காவின் இன்டியானா மாநிலத்தில் மிலான் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1954 ஆம் ஆண்டில் அதன் சனத்தொகை ஆயிரத்தைச் சற்றே தாண்டியிருந்தது. அவ்வூரின் உயர்நிலைப் பாடசாலையில் 161 மாணவர்கள் கல்வி கற்றனர். அவர்களுள் ஆண் பிள்ளைகள் 73 பேர் மாத்திரமே. அந்த 73 பேரிலிருந்து தெரிவான ஓர் அணி, அவ்வாண்டு மார்ச் 20 ஆம் திகதி இரவு, 1,600 இற்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட மன்சி சென்ட்ரல் பாடசாலையை 32-30 எனத் தோற்கடித்து மாநிலக் கூடைப்பந்தாட்டக் கிண்ணத்தைக் கைப்பற்றியது.

அமெரிக்கப் பாடசாலை விளையாட்டின் வரலாற்றில் இந்த வெற்றியைப் போல் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதை வேறில்லை எனலாம். ஆனால் அந்தக் கதைக்கு உரிமை கொண்டாடிய அதே இன்டியானா, 43 ஆண்டுகளின் பின்னர், சிறிய பாடசாலையும் பெரிய பாடசாலையும் ஒரே கிண்ணத்துக்காக மோதும் முறையைத் தானாகவே கைவிட்டது. ஏன் கைவிட்டது? கைவிட்டதனால் பெற்றது என்ன, இழந்தது என்ன? பெரிய பாடசாலையும் சிறிய பாடசாலையும் அருகருகே இருக்கும் எந்த நாட்டிலும் எழக்கூடிய கேள்விதான் இது. இன்டியானாவில் அது சட்டமன்றம் வரை சென்றது.

கூடைப்பந்தாட்டம் 1891 டிசம்பரில் மசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில், வை.எம்.சி.ஏ. பயிற்சிப் பாடசாலை ஒன்றில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரால் 13 விதிகளுடன் உருவாக்கப்பட்டது. பனிக்காலத்தில் உள்ளரங்கில் இளைஞர்களை ஈடுபடுத்துவதற்கு ஒரு விளையாட்டு வேண்டும் என்பதே அதன் நோக்கம். சில ஆண்டுகளிலேயே அது இன்டியானாவின் சோளவயற் கிராமங்களைச் சென்றடைந்தது. அங்கு அது வேரூன்றியதற்கு மிக எளிய காரணம் ஒன்று உண்டு. அமெரிக்கக் காற்பந்துக்குப் 11 பேரும் விலையுயர்ந்த கவசங்களும் தேவை. கூடைப்பந்துக்கு ஐந்து பேரும் ஒரு பந்தும் போதும். எழுபது பையன்கள் மாத்திரமே படிக்கும் பாடசாலைக்கும் ஐந்து பேரைத் திரட்டுவது கடினமன்று. களஞ்சியச் சுவரில் ஒரு வளையத்தை அடித்துவிட்டால் பயிற்சிக் களம் தயார்.

1911 இல் முதலாவது மாநிலச் சுற்றுப்போட்டி நடைபெற்றது. குறோஃபோட்ஸ்வில் பாடசாலை கிண்ணத்தை வென்றது. 1913 இலும் 1914 இலும் விங்கேற் என்ற குக்கிராமத்தின் பாடசாலை அடுத்தடுத்து வென்றது. அப்பாடசாலைக்கெனச் சொந்தமாக ஓர் உள்ளரங்கு கூட அப்போது இருக்கவில்லை. ஆகவே, சிறிய பாடசாலை வெல்ல முடியும் என்ற நம்பிக்கை மிலானுக்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே விதைக்கப்பட்டிருந்தது. அந்த நம்பிக்கையின் மீதே 'எல்லோருக்கும் ஒரே கிண்ணம்' என்ற அமைப்பு எழுப்பப்பட்டது. 1954 இல் 751 பாடசாலைகள் போட்டியிட்டன. 64 பிரதேசத் தொகுதிகளில் தொடங்கி, படிப்படியாக வடிகட்டப்பட்டு, இறுதியில் நான்கு அணிகள் இன்டியானாபொலிஸ் நகரின் பட்லர் பல்கலைக்கழக அரங்கில் சந்தித்தன. முதற் சுற்றில் மோதுபவர்கள் பெரும்பாலும் அயலூர்க்காரர்கள். ஒரே சந்தைக்குப் போகிறவர்கள், ஒரே தேவாலயத்தில் வழிபடுகிறவர்கள். எனவே அரங்குகள் நிரம்பி வழிந்தன.

மிலான் எவ்வாறு வென்றது என்பதைச் சற்றுக் கவனமாக நோக்குதல் வேண்டும். அதனை ஓர் அற்புதம் என்று சொல்லிவிட்டுக் கடந்து போவது அந்தப் பையன்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. முந்திய ஆண்டிலேயே அவர்கள் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்திருந்தனர். பயிற்றுநர் மாவின் வூட்டுக்கு அப்போது வயது 26. பட்லர் பல்கலைக்கழகத்தில் படித்து அதே அரங்கில் ஆடியவர் அவர். உயரத்திலும் ஆள்பலத்திலும் மன்சியை மிஞ்ச முடியாது என்பதை உணர்ந்திருந்தார். ஆகவே ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்தார். மூன்றாம் கால்பகுதி முடிவில் இரு அணிகளும் 26 புள்ளிகளுடன் சமநிலையில் நின்றன. அடுத்து மன்சி 28-26 என முந்தியது. அந்நிலையில் பொபி பிளம்ப் என்ற மிலான் வீரர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு 4 நிமிடங்கள் 13 விநாடிகள் அசையாது நின்றார். முன்னிலையில் இருக்கும் அணி நேரத்தைக் கடத்துவது வழக்கம். இங்கோ பின்தங்கியிருந்த அணியே அவ்வாறு செய்தது. இடைவெளி இரண்டு புள்ளிகளாகவே இருக்கும்வரை நம்பிக்கை உண்டு, வேகமாக ஆடினால் அந்த இடைவெளி விரியும் என்பதே வூட்டின் கணக்கு. ஆட்டம் முடிவதற்கு மூன்று விநாடிகளே இருக்கையில், 30-30 என்ற நிலையில், பிளம்ப் எறிந்த பந்து வளையத்துள் விழுந்தது.

பந்தை இவ்வாறு நிறுத்தி வைப்பதற்கு அன்றைய விதிகள் இடமளித்தன. தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் 24 விநாடிக் கடிகாரம் அறிமுகமானது அதே 1954 ஆம் ஆண்டின் பிற்பகுதியில்தான். பலவீனமான அணிக்குப் பொறுமையும் ஓர் ஆயுதமாக இருந்த காலம் அது.

எனினும் வரலாற்றை எழுதுபவன் வென்றவர்களின் கதையோடு நின்றுவிட முடியாது. மிலானுக்குப் பின்னர் ஒற்றைக் கிண்ண முறை நீடித்த 43 ஆண்டுகளில் அந்த அளவுள்ள வேறெந்தப் பாடசாலையும் மாநிலக் கிண்ணத்தை வெல்லவில்லை. தோற்ற மன்சி சென்ட்ரலோ அந்த முறையின் கீழ் மொத்தம் எட்டு முறை கிண்ணத்தை வென்றது. அயல் மாநிலமான இலினோயிலும் இதே கதைதான். 1952 இல் நூறு மாணவர் கூட இல்லாத ஹெப்ரன் பாடசாலை, குவின்சி என்ற பெரிய பாடசாலையை மேலதிக நேர ஆட்டத்தில் 64-59 என வென்று மாநிலச் சம்பியனாகியது. அத்தகைய வெற்றி அங்கு மீண்டும் நிகழவில்லை. 1971-72 பருவத்தில் இலினோய் தனது பாடசாலைகளை இரண்டு பிரிவுகளாக்கியது. பின்னர் 2007-08 இல் அவை நான்காகின. எழுபது பேரிலிருந்து பத்துப் பேரைத் தெரிவு செய்வதற்கும் எண்ணூறு பேரிலிருந்து பத்துப் பேரைத் தெரிவு செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் இரவு வெல்லலாம். ஆண்டுதோறும் வெல்ல முடியாது.

இதற்கிடையில் சிறிய பாடசாலைகளே மறையத் தொடங்கின. 1959 இல் இன்டியானா நிறைவேற்றிய பாடசாலை மறுசீரமைப்புச் சட்டத்தின் விளைவாகக் கிராமப் பாடசாலைகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. 1954 இல் 751 ஆக இருந்த அணிகள் 1997 இல் 382 ஆகக் குறைந்தன. மிலானைப் போன்ற நூற்றுக்கணக்கான ஊர்கள் தமது பாடசாலையையும் அதன் பெயரையும் அதன் அணியையும் ஒருங்கே இழந்தன.

இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பாதி உண்மையாகவே இருக்கும். 'எல்லோருக்கும் ஒரே கிண்ணம்' என்ற வாசகத்தில் 'எல்லோரும்' அடங்கியிருக்கவில்லை. 1927 இல் இன்டியானாபொலிஸ் நகரில் கறுப்பின மாணவர்களுக்கெனத் தனியாக கிறிஸ்பஸ் அட்டக்ஸ் உயர்நிலைப் பாடசாலை திறக்கப்பட்டது. கு கிளக்ஸ் கிளான் அமைப்பு இன்டியானாவில் செல்வாக்குடன் இருந்த தசாப்தம் அது. அப்பாடசாலை மாநிலச் சுற்றுப்போட்டியில் பங்கேற்பதற்கு 1942 வரை அனுமதிக்கப்படவில்லை. கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கும் அதே தடை இருந்தது. தடை நீங்கிய பின்னரும், அட்டக்ஸின் உள்ளரங்கு மிகச் சிறியதாக இருந்தமையால், அவர்கள் பிறர் அரங்குகளைத் தேடிப் பயணம் செய்தே ஆட வேண்டியிருந்தது.

1954 இல் மிலான் இறுதிக்குச் செல்லும் வழியில் 65-52 எனத் தோற்கடித்த அணி இந்த அட்டக்ஸ்தான் என்பது பலருக்கு நினைவில் இல்லை. அந்த அணியில் ஒஸ்கார் ரொபேட்சன் என்ற இளம் வீரர் இருந்தார். பின்னாளில் உலகின் தலைசிறந்த கூடைப்பந்தாட்ட வீரர்களுள் ஒருவராகப் போற்றப்பட்டவர் அவர். அடுத்த ஆண்டான 1955 இல், ரே குறோவின் பயிற்சியில், அட்டக்ஸ் கிண்ணத்தை வென்றது. ஐக்கிய அமெரிக்காவில் எந்தவொரு மாநிலத்திலும் கறுப்பினப் பாடசாலை ஒன்று சகலருக்குமான மாநிலக் கிண்ணத்தை வென்றது அதுவே முதற்தடவை. 1956 இல் ஓர் ஆட்டத்திலேனும் தோற்காது மீண்டும் வென்றது. மிலான் வீரர்கள் ஊர் திரும்பியபோது வீதியெங்கும் மக்கள் திரண்டு நின்று வரவேற்றனர். அட்டக்ஸ் வீரர்களின் ஊர்வலமோ நகர மையத்தில் நிலைகொள்ள விடப்படாமல் கறுப்பின மக்கள் வாழும் பகுதியின் பூங்காவுக்குத் திருப்பிவிடப்பட்டது. அந்த வடுவை ரொபேட்சன் முதுமை வரை மறக்கவில்லை. 1986 இல் வெளியான 'ஹூசியர்ஸ்' திரைப்படம் மிலானின் கதையைத் தழுவி உலகெங்கும் புகழ் பெற்றது. அதில் இறுதியாட்டத்தில் தோற்கும் அணியின் பயிற்றுநராகச் சிறு வேடத்தில் தோன்றியவர் ரே குறோ.

ஆக, 1990 களில் பிரிவுகள் வேண்டுமா என்ற விவாதம் எழுந்தபோது, இரு தரப்பிலும் உண்மை இருந்தது. நாற்பது ஆண்டுகளாகத் தமது பிள்ளைகள் முதல் வாரத்திலேயே தோற்று வீடு திரும்புவதைக் கண்ட அதிபர்கள், தமக்குச் சமமானவர்களுடன் ஆடும் வாய்ப்பைக் கேட்டனர். மறுபுறம், பிளம்ப் உள்ளிட்டோர் பழைய முறையைக் காக்க இயக்கம் நடத்தினர். 1996 ஏப்ரலில் மாநில விளையாட்டுச் சங்கத்தின் பணிப்பாளர் சபை 12-5 என நான்கு பிரிவுகளுக்கு ஆதரவாக வாக்களித்தது. அதிபர்களின் வாக்கெடுப்பும் அம்முடிவை உறுதி செய்தது. 1997 மார்ச்சில் புளூமிங்டன் நோர்த் பாடசாலை கடைசி ஒற்றைக் கிண்ணத்தை வென்றது. 1998 முதல், மாணவர் தொகையின் அடிப்படையில் நான்கு சம்பியன்கள் உருவாகினர்.

விளைவுகள் எதிர்பார்த்தபடியும் இருந்தன, எதிர்பாராதபடியும் இருந்தன. மாநில இறுதியைக் கனவிலும் காணாத ஊர்கள் கிண்ணத்துடன் வீடு திரும்பின. அந்த மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பார்வையாளர் தொகை சரிந்தது. 1990 இறுதியாட்டத்தைக் காண 41,046 பேர் திரண்ட மாநிலம் அது. அளவின்படி தொகுதிகள் பிரிக்கப்பட்டதால் பக்கத்து ஊர் அணிகள் சுற்றுப்போட்டியில் சந்திப்பது குறைந்தது. முகமறியாத தூரத்து ஊருடன் ஆடுவதைக் காண எத்தனை பேர் பயணம் செய்வார்கள்? நான்கு சம்பியன்களையும் மோதவிடும் போட்டியொன்று இரண்டே ஆண்டுகள் நடத்தப்பட்டுக் கைவிடப்பட்டது.

அளவு ஒன்றே அளவுகோல் அன்று என்பதும் விரைவில் வெளிப்பட்டது. 1998 இன் நான்கு சம்பியன்களுள் இரண்டு கத்தோலிக்கத் தனியார் பாடசாலைகள். பல ஊர்களிலிருந்தும் மாணவர்களைச் சேர்க்கக்கூடிய தனியார் பாடசாலையும், ஊர் எல்லைக்குள் பிறந்த பிள்ளைகளை மாத்திரமே கொண்ட கிராமப் பாடசாலையும் தலைக்கணக்கில் ஒன்றாக இருக்கலாம், பலத்தில் ஒன்றல்ல. 2012 இல், தொடர்ந்து வெல்லும் அணிகளை வெற்றிப் புள்ளிகளின் அடிப்படையில் மேல் பிரிவுக்கு உயர்த்தும் விதி கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டில் பழைய முறையை மீட்கும் கோரிக்கை சட்டமன்றத்தில் எழுந்து, மாநிலமெங்கும் பொதுக் கூட்டங்களும் நடைபெற்றன. எனினும் பிரிவுகள் நிலைத்தன.

தெற்கே எல்லையைத் தாண்டினால் கென்டக்கி மாநிலம். அங்கு ஒற்றைக் கிண்ணம் கைவிடப்படவில்லை. 1928 இல் கார் கிறீக் என்ற மலைக்கிராமப் பாடசாலை, இறுதியாட்டத்தில் ஆஷ்லண்ட் நகரப் பாடசாலையிடம் நான்கு மேலதிக நேரப் பகுதிகளின் பின்னரே 13-11 எனத் தோற்றது. 1956 இல் அதே கார் கிறீக் கிண்ணத்தை வென்றது. கென்டக்கியும் சிறிய பாடசாலைகளின் குறையைக் கேட்டது, ஆனால் வேறு வழியில் தீர்த்தது. 1990 முதல் பருவத்தின் நடுவே சிறிய பாடசாலைகளுக்கென மாநில அளவில் தனிச் சுற்றுப்போட்டி நடைபெற்று வருகிறது. அதில் ஆடியவர்கள் பருவ முடிவில் எல்லோருக்குமான பெரிய போட்டியிலும் ஆடுகின்றனர். 1996 இல் பெயின்ட்ஸ்வில், 2010 இல் ஷெல்பி வலி ஆகிய சிறிய பாடசாலைகள் அந்தப் பெரிய கிண்ணத்தையே வென்றன.

நியாயமான போட்டி என்பதற்கு இரண்டு பொருள்கள் உண்டு. சமபலம் உள்ளவர்கள் மோதுவது ஒன்று. எவருக்கும் கதவு மூடப்படாதிருப்பது மற்றொன்று. இன்டியானாவின் பழைய முறை இரண்டாவதைப் பேசியது, ஆனால் 1942 வரை அட்டக்ஸுக்கு அதையே மறுத்தது. புதிய முறை முதலாவதைத் தந்தது, ஆனால் மிலான் ஒருநாள் மன்சியைச் சந்திக்கும் கதவை மூடியது. இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொள்ள முடியும் என்பதற்குக் கென்டக்கி சாட்சி.

1955 இல் கிண்ணம் ஏந்திய அட்டக்ஸ் மாணவர்கள் கேட்டது இலகுவான எதிரியை அன்று. எல்லோருடனும் ஆடும் உரிமையைத்தான் கேட்டனர். மிலானின் 73 பையன்களுக்கு அந்த உரிமை கேளாமலே கிடைத்திருந்தது. சிறியவர்களுக்கு உதவ முனையும் எவரும், அவர்களுக்கெனத் தனிக் கிண்ணம் ஒன்றைச் செய்வதற்கு முன்னர், இந்த இரண்டு பாடசாலைகளையும் ஒருங்கே நினைத்துப் பார்த்தல் நன்று.