சாவி கொடுக்காத கடிகாரமும் அதைக் காத்த கைகளும்

இந்தியாவில் கைக்கடிகாரத்தின் வரலாறு பெரும்பாலும் தொழிற்சாலையின் வரலாறாகவே எழுதப்பட்டுவருகிறது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு இணைந்து எச்எம்டி பெங்களூரில் கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கியது. 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து டைட்டனை உருவாக்கின. ஓசூரிலிருந்து வந்த குவார்ட்ஸ் கடிகாரங்கள் சந்தையைப் பிடித்தன. 2016 ஜனவரியில் எச்எம்டியின் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தோற்றம், வளர்ச்சி, வீழ்ச்சி என்று நகரும் இக்கதையில், கடிகாரத்தை வாங்கியவர் அதை முப்பது, நாற்பது ஆண்டுகள் எவ்வாறு ஓடவைத்தார் என்ற கேள்விக்கு இடமே இல்லை. தொழில்நுட்ப வரலாறு கண்டுபிடிப்பை விடுத்துப் பயன்பாட்டையும் பராமரிப்பையும் நோக்க வேண்டும் என்று டேவிட் எட்ஜர்டன் வாதிட்டிருக்கிறார். அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கத் தானியங்கிக் கடிகாரத்தைவிடப் பொருத்தமான பொருள் எளிதில் அமையாது. அதன் பெயரே பராமரிப்பை மறைத்துவிடுகிறது.

அதன் பிறப்பும் பழுதுபார்ப்பவரின் மேசையில்தான் நிகழ்ந்தது. 1924இல் சுவிஸ் காப்புரிமை பெற்ற இங்கிலாந்துக்காரர் ஜான் ஹார்வுட் கடிகாரம் பழுதுபார்ப்பவர். சாவி கொடுக்கும் குமிழின் தண்டு நுழையும் துளை வழியாகவே தூசியும் ஈரமும் உள்ளே செல்கின்றன என்பதைக் கண்ட அவர், குமிழே இல்லாத கடிகாரத்தை வடிவமைத்தார். அதில் எடைத்தட்டு ஒன்று இருபுறமும் மோதி ஆடிச் சுருள்வில்லை முறுக்கியது. 1931இல் ரோலெக்ஸ் அந்தத் தட்டை முழுவட்டமாகச் சுழலச் செய்தது. அதன்பின் 'தானே ஓடும்' வசதியே விளம்பரப் பொருளாயிற்று. ஹார்வுட்டின் அக்கறை பின்னுக்குப் போயிற்று, அவர் நீக்கிய குமிழும் திரும்பி வந்துவிட்டது.

எச்எம்டியின் ஜனதாவும் பைலட்டும் நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டியவை. காஞ்சன், ரஜத் போன்றவை தானியங்கிகள். இவற்றில் மணிக்கட்டு அசையும்போது அரைவட்ட எடைத்தட்டு சுழன்று சுருள்வில்லை முறுக்கும். வில் முழுதாக முறுகியதும் அதன் வெளிமுனை உறையின் சுவரில் வழுக்கிவிடும். ஆகவே அளவுக்கு மீறி முறுகாது. முழுதாக முறுகிய வில் ஏறத்தாழ நாற்பது மணிநேரம் தாங்கும். ஆனால் அந்த ஆற்றல் முழுவதும் அணிந்தவரின் உடலிலிருந்து வருவது. வயலிலோ பட்டறையிலோ உழைக்கும் கையில் இக்கடிகாரம் குறைவின்றி ஓடும். நாள் முழுவதும் நாற்காலியில் இருக்கும் எழுத்தருக்கோ சிக்கல்: இடக்கையில் கடிகாரம், அசைவதெல்லாம் வலக்கை. சனிக்கிழமை கழற்றி வைத்தால் திங்கள் காலையில் நின்றிருக்கும். பொங்கல் பரிசாகவோ திருமணச் சீராகவோ வந்து பெட்டிக்குள் பத்திரமாக வைக்கப்பட்ட தானியங்கியின் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை.

நின்றதை எழுப்புவதற்கும் முறை உண்டு. வேகமாகக் குலுக்குவது பரவலான வழக்கம், தவறான வழக்கமும்கூட. கையால் சாவி கொடுக்கும் வசதியுள்ள எந்திரமாயின் குமிழை இருபது, முப்பது முறை மெல்லத் திருக வேண்டும். பிறகு அணிந்துகொண்டால் போதும். தேதியை மாற்றுவதில் இன்னும் கவனம் தேவை. இரவு ஒன்பது மணி முதல் பின்னிரவு மூன்று மணி வரை தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பல் அதனோடு பிணைந்திருக்கும். அப்போது குமிழால் தேதியை நகர்த்தினால் பல் முறியக்கூடும். நின்றுபோன கடிகாரம் காட்டும் ஒன்பது மணி காலையா, இரவா என்பது முள்ளைப் பார்த்தால் தெரியாது. ஆகவே முட்களை முன்னோக்கிச் சுற்றி, தேதி எப்போது மாறுகிறது என்று பார்த்த பிறகே திருத்த வேண்டும். இத்தகைய அறிவை வாங்கியவருக்கு ஊட்டியவர் பெரும்பாலும் தெருமுனைக் கடையில் கண்ணில் பூதக்கண்ணாடி பொருத்தி அமர்ந்திருந்தவரே. கையேடு அலமாரியில் கிடந்தது.

அவரின்றி எந்திரம் நெடுநாள் ஓடாது. மணிக்கு 21,600 முறை துடிக்கும் சமன்சக்கரம் நொடிக்கு ஆறு முறை துடிக்கிறது. உராயும் இடங்களில் செயற்கை மாணிக்கக் கற்கள் இருந்தாலும் அவற்றுக்கும் எண்ணெய் வேண்டும். அணியாமல் வைத்தாலும் அது காய்ந்து பசையாகும். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுதும் பிரித்துக் கழுவி எண்ணெயிட வேண்டும். வியர்வையும் மழைக்கால ஈரமும் ரப்பர் வளையத்தைக் கெடுக்கும் நாட்டில் அந்த இடைவெளி இன்னும் குறுகும். குவார்ட்ஸின் வெற்றிக்குத் துல்லியமும் விலையும் மட்டுமே காரணங்களாகக் காட்டப்படுகின்றன. பேட்டரியை மாற்றச் சில நிமிடம் போதும் என்பதால் இந்தப் பராமரிப்பு உறவே தேவையற்றுப் போனது என்பதையும் அவற்றோடு சேர்த்தாக வேண்டும்.

உற்பத்தி நின்ற பிறகு உதிரிப்பாகத்துக்கு ஒரே சுரங்கம், இறந்துபோன பிற கடிகாரங்கள்தாம். ஒன்றின் எந்திரம், மற்றொன்றின் கூடு, புதிதாக வண்ணம் பூசிய முகப்பு என்று சேர்த்த கடிகாரங்கள் 'பழைய எச்எம்டி' என்ற பெயரில் இணையத்தில் தாராளமாக விற்கப்படுகின்றன. இவற்றைப் போலி என்று ஒதுக்குவது சேகரிப்பாளரின் நோக்கு. பழுதுபார்ப்பு மரபின் இயல்பான தொடர்ச்சியும் அவற்றில் இருக்கிறது. ஆனால் சான்று தேடுபவருக்கு இழப்பு உண்மையானது. பின்மூடியின் உட்புறத்தில் பழுதுபார்ப்பவர்கள் ஊசிமுனையால் தேதியையும் தம் குறியையும் கீறி வைப்பது நெடுநாள் வழக்கம். எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லாத அவர்களின் பணிப்பதிவு அது. மூடி ஒரு கடிகாரத்திலிருந்தும் எந்திரம் வேறொன்றிலிருந்தும் வந்திருந்தால், அந்தக் கீறல் எந்த எந்திரத்தைப் பற்றியது என்று சொல்ல வழியில்லை. மெருகேற்றும்போது அந்தக் கீறலையும் தேய்த்து அழித்துவிடுகிறார்கள்.