செயின்ட் ஆண்ட்ரூஸ்: ஒரு புல்வெளியும் சில கேமராக்களும்

கோல்ஃப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள்கூட இந்தக் காட்சியை எங்காவது பார்த்திருப்பார்கள். ஒரு சின்ன ஓடை. அதன் மேல் குட்டையான ஒரு கல் பாலம். சுற்றிலும் புல்வெளி, பின்னணியில் பழைய கல் கட்டடங்கள். காலண்டரிலும் வாழ்த்து அட்டையிலும் வந்துபோகும் படம் அது. இடம், ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ். மைதானத்தின் பெயர் ஓல்ட் கோர்ஸ். பாலத்தின் பெயர் ஸ்வில்கன்.

இந்த ஊரை 'கோல்ஃபின் தாய்வீடு' என்பார்கள். இது பலருக்குத் தெரிந்த விஷயம். அவ்வளவாகத் தெரியாத விஷயம் ஒன்றும் உண்டு. புகைப்படக்கலை நடை பழகிய ஊர்களில் இதுவும் ஒன்று! இரண்டும் ஒரே ஊரில் சந்தித்துக்கொண்டதால்தான் இந்தப் புல்வெளிக்கு இவ்வளவு நீண்ட படக்கதை கிடைத்தது.

காப்புரிமை எட்டாத ஊர்

1841-ல் இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பட், காகிதத்தில் படம் எடுக்கும் 'கேலோடைப்' முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு நெகடிவிலிருந்து எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதுதான் அதன் சிறப்பு. ஆனால் அந்தக் காப்புரிமை ஸ்காட்லாந்தில் செல்லுபடியாகவில்லை. அங்கே யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் முயன்று பார்க்கலாம்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் ஒரு கல்லூரியில் முதல்வராக இருந்த டேவிட் புரூஸ்டர், டால்பட்டின் நண்பர். கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவரும் இவர்தான். செய்முறை கடிதங்கள் வழியாக இவருக்கு வந்து சேர்ந்தது. உள்ளூர் மருத்துவர் ஜான் ஆடம்சன் அதைச் சோதித்துக் கைவரப் பெற்றார். தம்பி ராபர்ட் ஆடம்சனுக்கும் கற்றுக்கொடுத்தார்.

ராபர்ட் 1843-ல் எடின்பரோ நகருக்குப் போய் ஸ்டுடியோ திறந்தார். அங்கே ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லுடன் கூட்டு சேர்ந்தார். நான்கரை ஆண்டுகளில் இருவரும் சேர்ந்து எடுத்த படங்கள் சுமார் 3,000. 1848 ஜனவரியில் ராபர்ட் இறந்தபோது அவருக்கு வயது 26 தான்.

ஆடாமல் நின்ற ஆட்டக்காரர்கள்

அந்த 3,000 படங்களில் கோல்ஃப் ஆட்டக்காரர்களும் உண்டு. ஆனால் கேலோடைப்புக்கு நல்ல வெயிலிலேயே ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை யாரும் அசையக் கூடாது. யோசித்துப் பாருங்கள், மட்டையை ஓங்கியபடி ஒருவர் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? அதனால் ஆட்டக்காரர்கள் ஆடவில்லை, ஆடுவதுபோல் நின்றார்கள்.

ஓவியர் சார்லஸ் லீஸ் 1847-ல் 'தி கோல்ஃபர்ஸ்' என்ற பெரிய ஓவியத்தை முடித்தார. செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் பந்து குழியை நெருங்கும் நொடியில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கூடி நின்று பார்க்கும் காட்சி. அதன் அமைப்பைத் திட்டமிட, ஹில்லும் ஆடம்சனும் அதே ஊரில் எடுத்த ஒரு புகைப்படத்தை லீஸ் பயன்படுத்திக்கொண்டார். புகைப்படத்தால் காட்ட முடியாத பரபரப்பைத் தூரிகை காட்டியது. தூரிகைக்கு வேண்டிய அடித்தளத்தைப் புகைப்படம் கொடுத்தது.

ஜான் ஆடம்சனிடம் தொழில் கற்ற தாமஸ் ரோஜர்தான் இந்த ஊரின் முதல் தொழில்முறைப் புகைப்படக்காரர். ஓல்ட் கோர்ஸை 1858-ல் 79 அடிகளில் முடித்து, 80-க்குக் கீழே வந்த முதல் ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கிய ஆலன் ராபர்ட்சன் இவர் கேமரா முன் நின்றவர்களில் ஒருவர். ஆக, இதுவரை படங்களில் மனிதர்கள்தான் நாயகர்கள். நிலம் வெறும் பின்னணி.

நிலம் எப்போது படத்துக்குள் வந்தது?

நிலத்தைப் படம் எடுப்பதில் மூன்று சிக்கல்கள் இருந்தன.

முதலாவது, சுமை. 1851-ல் வந்த ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். அதாவது, போகும் இடமெல்லாம் இருட்டுக் கூடாரத்தையும் ரசாயனப் புட்டிகளையும் தூக்கிச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, நிறம். அந்தக் கால மருந்துகள் நீல ஒளிக்குத்தான் நன்றாக இணங்கும். பச்சைப் புல் கறுத்துப்போகும், வானம் வெள்ளைத் தாளாகிவிடும். ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோகல் 1873-ல் சாயம் கலந்து பச்சை ஒளியையும் பதியவைக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகே இதற்கு விடிவு பிறந்தது.

மூன்றாவது, அந்த நிலமே. ஓல்ட் கோர்ஸ் கடலோர மணல் மேடுகளில் இயற்கையாக உருவான மைதானம். மலையோ அருவியோ கிடையாது. அதன் அழகெல்லாம் சின்னச் சின்ன மேடு பள்ளங்களில்தான். உச்சிவெயிலில் எடுத்தால் எல்லாம் தட்டையாகிவிடும். காலையிலோ மாலையிலோ சாய்வெயில் விழும்போது ஒவ்வொரு மேடும் நிழல் நீட்டி எழுந்து நிற்கும். கோல்ஃப் மைதானங்களைப் படம் எடுப்பவர்கள் இன்றும் விடியலுக்கும் அந்திக்கும் காத்திருப்பது இதனால்தான்.

1880-களில் உலர்தட்டுகள் பரவலானதும் கூடாரம் தேவையற்றுப் போனது. கேமராவின் வேகமும் கூடியது. 1904-ல் ஜார்ஜ் பெல்டம், சிறந்த ஆட்டக்காரர்கள் மட்டையை வீசும் நொடிகளைப் படமாக்கி ஒரு புத்தகமே வெளியிட்டார். அருகிலுள்ள டண்டீ நகரின் வாலன்டைன் நிறுவனம் ஸ்காட்லாந்தின் காட்சிகளை அஞ்சலட்டைகளாக அச்சிட்டு விற்றது. அந்த நிறுவனத்தின் பெரும் படத் தொகுப்பு இப்போது செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது.

பழைய படங்கள் சொல்லும் சாட்சி

ஓல்ட் கோர்ஸ் பல நூற்றாண்டுகளாக மாறவே இல்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. பழைய படங்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. இன்று முதல் குழிக்கான ஆட்டம் தொடங்கும் இடத்துக்கு வெகு அருகே அன்று கடல் இருந்தது. 1890-களில் ஜார்ஜ் புரூஸ் என்பவரின் முயற்சியில் கரை கட்டி நிலம் மீட்கப்பட்டது. அந்த இடத்துக்கு இன்றும் 'புரூஸ் எம்பாங்க்மென்ட்' என்றுதான் பெயர். புதர்கள், மணல்குழிகள், ஓடைக்கரை என்று எது எப்போது மாறியது என்பதை அறியவும் இந்தப் படங்கள் உதவுகின்றன. ஆட்டக்காரருக்குப் பின்னால் தற்செயலாகப் பதிந்த மண்தான் இன்று வரலாற்று ஆவணம்!

படமே நிலத்தை மாற்றினால்?

இப்போது மறுபடி அந்தக் கல் பாலம். ஆடுமாடுகளை ஓட்டிச் செல்வதற்காகக் கட்டப்பட்டது என்று சொல்வார்கள். 1995-ல் அர்னால்ட் பால்மரும் 2005-ல் ஜாக் நிக்லஸும் இதன் மேல் நின்று கையசைத்து விடைபெற்ற படங்கள் உலகம் முழுக்கப் போயின. அதன் பிறகு இங்கே வருபவர்கள் எல்லோருக்கும் அதே இடத்தில் நின்று ஒரு படம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. மைதானம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். படம் எடுக்க வரும் கால்கள் மிதித்து மிதித்து, பாலத்தை ஒட்டிய புல் தேய்ந்துபோனது.

2023 பிப்ரவரியில் மைதான நிர்வாகம் இதற்குத் தீர்வாகப் பாலத்தின் நுழைவில் கற்களைப் பதித்தது. அந்தப் படம் இணையத்தில் பரவியது. 'வீட்டு முற்றம்போல் இருக்கிறது' என்று உலகெங்கும் எதிர்ப்பு! சில நாட்களில் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன.

புல் அழிந்ததற்குக் காரணம் புகைப்பட ஆசை. புதிய கற்களை அகற்ற வைத்ததும் ஒரு புகைப்படம்தான். நிலத்தைச் சும்மா பதிவு செய்யத் தொடங்கிய கருவி, 180 ஆண்டுகளில் அந்த நிலம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

அடுத்த முறை ஸ்வில்கன் பாலத்தின் படம் கண்ணில் பட்டால், பாலத்தோடு நிறுத்திவிடாமல் அதன் காலடியில் இருக்கும் புல்லையும் கொஞ்சம் கவனியுங்கள்.