மஞ்சட்காற் சேவலின் பூர்வீகம்

அறுபதுகளில் ஊர்காவற்றுறையில் அம்மம்மாவின் ஊர்க்கோழிகளிடையே லெகோன் சேவலொன்று வந்து சேர்ந்தது. வெள்ளை இறகு, மஞ்சட் கால். கறுப்புப் பேட்டின் குஞ்சுகளும் வளர்ந்தபோது வெள்ளையாகவே நின்றன. ஆங்காங்கே கரும்புள்ளி மட்டும். அவை இட்ட முட்டைகள் வெண்மைக்கும் பழுப்புக்கும் இடைப்பட்டவை. முட்டை பெருகியது, ஆனால் அடைகிடக்க ஒன்றும் முன்வரவில்லை. "சீமைச் சேவல் குடியைக் கெடுத்துப்போட்டுது" என்பார் அம்மம்மா.

லெகோன் என்பது இத்தாலியின் லிவோர்னோத் துறைமுகத்தின் ஆங்கிலப் பெயர். வீட்டுக்கோழிகள் யாவும் செங்காட்டுக்கோழியின் வழிவந்தவை என்றே 1868இல் டார்வின் எழுதினார். ஆனால், மஞ்சட் காலுக்குரிய மரபணு தென்னிந்தியக் காடுகளின் சாம்பற் காட்டுக்கோழியிடமிருந்து கலந்ததென 2008இல் சுவீடன் நாட்டு உப்சாலா ஆய்வாளர் கண்டனர். சீமைச் சேவலின் கால் எங்கள் பக்கத்திலிருந்து போனதுதான்!

1990இல் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது கூட்டைத் திறந்துவிட்டே புறப்பட்டோம். வெளியே ஓடியவற்றுள் மஞ்சட் காலும் இருந்தது, வெண்காலும் இருந்தது.